என் மகளின் ஏ.டி.எச்.டி.யும் எங்கள் வீட்டுப் புளியங்கொட்டை டப்பாவும்

போன வாரம் பள்ளிக்கூட வாசலில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் பையன் மூன்றாம் வகுப்பு, என் மகள் ஆறாம் வகுப்பு. "உங்க பொண்ணுக்கு ஏதோ ட்ரீட்மென்ட் பாக்குறீங்களாமே, அந்த மாத்திரை பேர மட்டும் சொல்லுங்க, நான் வாங்கிக்கிறேன்" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, காலையிலேயே அழுதிருப்பார் போல. பேர் மட்டும் சொன்னால் போதாது என்று ஆரம்பிப்பதற்குள் பெல் அடித்துவிட்டது, அவரும் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடிவிட்டார். அவரிடம் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

என் மகள் சேட்டைக்காரி இல்லை. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு) என்றால் ஓடுகிற, குதிக்கிற, நாற்காலியில் நிற்கிற பையன்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவான், எனக்கும் அப்படித்தான் இருந்தது. இவள் அமைதியாக உட்கார்ந்திருப்பாள். உடம்பு வகுப்பில் இருக்கும், ஆள் இருக்க மாட்டாள். நான்காம் வகுப்பில் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் தண்ணீர் பாட்டில் 7, டிபன் பாக்ஸ் மூடி 4, ஜாமென்ட்ரி பாக்ஸ் 3 தொலைந்திருந்தன. பத்துக் கணக்கு வீட்டுப்பாடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். மூன்று கணக்கு போடுவாள், நான்காவதில் பென்சில் நின்றுவிடும், இன்னொரு கை பாயின் ஓரத்தில் பிரிந்திருக்கிற கோரையை உருவிக்கொண்டிருக்கும். நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். மறுபடி ஒரு கணக்கு. மறுபடி கோரை. எங்கள் வீட்டுப் பாய் ஒரு பக்கம் முழுக்க அப்படியே கரைந்துபோனது.

ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஸ்கேலால் கையில் அடித்துவிட்டேன். இரண்டு அடி. அவள் அழவில்லை. கையைப் பார்த்தபடி, "ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்கே தெரியலம்மா" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்கு முன்னால் நாங்கள் செய்யாததும் இல்லை. வெண்டைக்காய் தினம் கொடுத்தோம், கணக்கு வரும் என்று. வல்லாரை லேகியம், தர்காவில் மந்திரித்த கயிறு, அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் கண்டுபிடிக்க வைக்கிற ஒரு 'மூளைப் பயிற்சி' வகுப்பு. கடைசியாகச் சொன்னதற்கு என் ஒரு சங்கிலி அடகுக்குப் போனது. அதில் போன பணத்தைவிட, அங்கேயும் தன்னால் முடியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாளே, அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

பிறகுதான் திருச்சியில் ஒரு குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்த்தோம். முதல் நாளே மாத்திரை எழுதுவார் என்று நினைத்துப் போனோம், அவர் எழுதவில்லை. முதலில் கண், காது பரிசோதனை, ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். சரியாகக் கேட்காத பிள்ளையும், தூக்கமில்லாத பிள்ளையும், ரத்தசோகை இருக்கிற பிள்ளையும் வகுப்பில் இதே மாதிரிதான் உட்கார்ந்திருக்கும் என்றார். அப்புறம் இரண்டு கேள்வித்தாள், ஒன்று எங்களுக்கு, ஒன்று வகுப்பு ஆசிரியைக்கு. ஏன் ஆசிரியைக்கும் என்றால், இந்தத் தொந்தரவு ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் அது ஏ.டி.எச்.டி. இல்லை, வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கவனம் சம்பந்தமாக 9 அறிகுறிகள், துடிப்பு, அவசரம் சம்பந்தமாக 9 அறிகுறிகள் என்று இரண்டு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது 6 பொருந்த வேண்டும். என் மகளுக்கு முதல் பட்டியலில் 8, இரண்டாவதில் 1. இதைக் காட்டிக்கொடுக்கிற ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. "ஸ்கேன் எடுத்து ஏ.டி.எச்.டி. கண்டுபிடிச்சுத் தர்றோம்"னு யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது பிடிபடாமல் போவதற்குக் காரணமும் இந்த முதல் பட்டியல்தான். பக்கத்துப் பிள்ளையை இடிப்பதில்லை, பெஞ்ச் மேல் ஏறுவதில்லை, யாருக்கும் தொந்தரவில்லை. தொந்தரவு இல்லாத பிள்ளையை யார் டாக்டரிடம் அனுப்பச் சொல்வார்கள்? "நல்ல பொண்ணு, ஆனா கனவுலயே இருக்கா" என்று மூன்று வருஷ ரிப்போர்ட் கார்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

நான் டாக்டரிடம் சண்டைக்கே போனேன். "கோலப் புத்தகத்த வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் அசையாம போடுறா டாக்டர், அதுக்கு மட்டும் கவனம் எங்கிருந்து வருது?" அவர் பொறுமையாகச் சொன்னார். கவனம் இல்லாத பிள்ளை இல்லை இவள், கவனத்தை வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற பிடி இன்னும் கைக்கு வராத பிள்ளை. பிடித்த விஷயத்தில் கவனம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும், அதை மறுபடி பிய்த்து எடுப்பதும் கஷ்டம். 2007-ல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பிள்ளைகளின் மூளையைப் பல வருஷம் தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூளையின் மேலுறை முதிர்வது ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்குச் சராசரியாக 3 வருஷம் பிந்தியிருந்தது, எந்தப் பகுதிக்குப் பின் எது முதிரும் என்கிற வரிசை மட்டும் மற்ற பிள்ளைகளுக்கு இருக்கிற அதே வரிசைதான். இதைச் சொல்லிவிட்டு, "படிப்புல, பேச்சுல உங்க பொண்ணுக்குப் பத்து வயசு. பையை எடுத்து வைக்கிறது, நேரத்தைக் கணக்குப் பண்றது, சொன்னதை ஞாபகம் வச்சுக்கிறது, இதுல மட்டும் ஏழு வயசுன்னு நினைச்சுக்கங்க" என்றார். ஏழு வயதுப் பிள்ளை பாட்டிலைத் தொலைத்தால் ஸ்கேலை எடுப்பேனா? மாட்டேன். அந்த ஒரு கணக்கு என் கோபத்தில் பாதியைக் கரைத்துவிட்டது.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். தெரபி என்றதும் பிள்ளையை ஒரு அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் ஏதோ பயிற்சி கொடுத்துச் சரிசெய்து அனுப்புவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உளவியலாளர் மேடம் முதல் நாளே, "பாப்பா வெளிய விளையாடட்டும், நீங்க ரெண்டு பேரும் உட்காருங்க" என்றார். பத்து அமர்வு. பத்தில் ஏழு எங்களுக்கு. பெற்றோர் பயிற்சி என்கிறார்கள். ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு நடத்தை சார்ந்த வழிகளில் அதிகம் நம்பப்படுவது இதுதான். 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் மருந்துக்கு முன்னால் இதைத்தான் செய்யச் சொல்வார்கள்.

முதல் வாரம் ஒரே ஒரு வேலை கொடுத்தார். காலை ஆறரையிலிருந்து எட்டேகால் வரை நான் அவளுக்கு எத்தனை தடவை கட்டளை போடுகிறேன் என்று எண்ண வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டேன். எழுந்திரு, பல்லைத் தேய், இன்னுமா தேய்க்கிற, சட்டையை மாட்டு, பொத்தானை மாத்திப் போட்டிருக்க பாரு, சாப்பிடு, முழுங்கு, சாக்ஸ் எங்க, வேன் வந்துடும். 63 கோடுகள். அதில் "சபாஷ்" என்றோ "சரியா செஞ்சுட்ட" என்றோ சொன்னது எத்தனை என்று மேடம் கேட்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

அடுத்த வாரம் தினம் 15 நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷம் அவள் விளையாடுவாள், நான் பக்கத்தில் உட்கார வேண்டும், அவள் சொல்கிறபடி சேர்ந்து விளையாட வேண்டும். சொல்லித்தரக் கூடாது, திருத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதல்லவா, செய்து பாருங்கள். அவள் தையல் டப்பாவைக் கொட்டி, பொத்தான்களை நிறம் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள், என் வாய் தன்னால், "சிவப்பு எத்தனை இருக்கு, எண்ணு பார்ப்போம்" என்றது. அவள் கை சட்டென்று நின்றுவிட்டது. விளையாட்டு பாடமாக மாறிய அந்த நொடியை அவள் முகத்தில் பார்த்தேன். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து நாள் ஆனது. இரண்டாவது வாரக் கடைசியில் அவளாகவே, "அம்மா, நம்ம பொத்தான் நேரம் எப்போ?" என்று வந்து நின்றாள்.

கட்டளை போடுகிற முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. அடுப்படியிலிருந்து கத்தினால் அது அவளுக்கு மிக்ஸி சத்தம் மாதிரி இன்னொரு சத்தம், அவ்வளவுதான். கிட்டே போகணும், தோளைத் தொடணும், கண் என் பக்கம் திரும்பிய பிறகு ஒரே ஒரு வேலையைச் சொல்லணும், சொல்லிவிட்டு ஐந்து எண்ணும் வரை பேசாமல் நிற்கணும். "பல்லைத் தேய்ச்சுட்டு, தலையை வாரிக்கிட்டு, பையை எடுத்துட்டு வா" என்றால் மூன்றாவது வேலை அவளிடம் போய்ச் சேர்வதே இல்லை. அவள் செய்து முடித்ததும் எதைச் செய்தாளோ அதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். "குட் கேர்ள்" போதாது, "சாக்ஸ நீயே தேடி எடுத்துட்ட கண்ணு" என்று சொல்ல வேண்டும். இதற்கு எங்கள் வீட்டில் பெரிய எதிர்ப்பு. "சாக்ஸ் போட்டதுக்கெல்லாம் பாராட்டா? நாங்க பெத்து வளர்க்கலையா?" என்றார் அத்தை. பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்ற பயமும் அவருக்கு நிஜமாகவே உண்டு. நான் வாதாடவில்லை. தினமும் ராத்திரி சுற்றிப் போடுங்கள் அத்தை, பகலில் நான் பாராட்டிக்கொள்கிறேன் என்றேன். அவருக்கும் அது சரியென்று பட்டது.

புளியங்கொட்டைக்கு வந்துவிட்டேன். மேடம் டோக்கன் முறை என்று சொன்னபோது ஸ்டிக்கர், சார்ட் எல்லாம் காட்டினார். அத்தை புளி தட்டிக்கொண்டிருந்த சமயம் அது, வீடு முழுக்கக் கொட்டை. கழுவிக் காயவைத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டோம். அவளுக்கென்று ஒரு சின்னத் தகர டப்பா. மூன்றே மூன்று வேலை எழுதினோம்: எட்டு மணிக்குள் பை தயார், வீட்டுப்பாடத்தில் ஒரு தவணைக்கு 10 நிமிஷம் உட்காருவது, பாட்டில் வீடு வந்து சேர்வது. செய்த உடனே, அந்த நிமிஷமே, டப்பாவில் ஒரு கொட்டை விழும். 5 கொட்டைக்கு அன்றைக்கு ராத்திரி முட்டை தோசை, 20 கொட்டைக்கு அப்பாவோடு கொள்ளிடம் ஆற்றுக்கு. அந்த 'டிங்' சத்தத்துக்கு அவள் கண் விரிவதைப் பார்க்கணும் நீங்கள். "முழுப் பரீட்சையில நல்ல மார்க் எடுத்தா சைக்கிள்" என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தச் சைக்கிள் அவளுக்கு ரொம்பத் தூரத்தில் இருந்திருக்கிறது. போட்ட கொட்டையைத் திருப்பி எடுக்கவே கூடாது என்பது மேடம் போட்ட கண்டிப்பான விதி. கோபத்தில் ஒரு தடவை எடுத்துவிட்டேன். நாலு நாள் அவள் டப்பா பக்கமே போகவில்லை. மன்னிப்புக் கேட்டு இரண்டாகப் போட்ட பிறகுதான் வந்தாள். சின்னவன் தனக்கும் டப்பா வேண்டும் என்றான், அவனுக்கும் ஒன்று வைத்தோம், அவன் வேலை வேறு.

நேரம் என்பது அவளுக்குக் கண்ணில் தெரியாத ஒன்று. "பத்து நிமிஷத்துல கிளம்பு" என்றால் அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடி மேல் ஸ்கெட்ச் பேனாவால் துண்டு துண்டாக வண்ணம் அடித்தோம், பெரிய முள் மஞ்சளில் இருக்கும்போது குளியல், பச்சையில் சாப்பாடு, சிவப்புக்கு வந்தால் செருப்பு. இது கைகொடுத்தது. அதற்கு முன்பு குக்கர் விசிலை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், மூன்று விசிலுக்குள் பல் தேய்க்கணும் என்று. பருப்பைப் பொறுத்து விசில் மாறும், அவள் குழம்பிப்போவாள்.

இனி மருந்து. நாங்கள் மூன்று மாதம் பயிற்சி செய்த பிறகுதான் தொடங்கினோம், அதுவும் நிறையப் பயந்துதான். மெத்தில்பெனிடேட் என்பது மருந்தின் பெயர். புதிதாக வந்த மருந்து இல்லை. 1944-ல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியில் வேலை பார்த்த ஒரு வேதியியலாளர் செய்தது, அவர் மனைவி ரீட்டாவின் பேரை வைத்துத்தான் ரிட்டலின் என்று 1954-ல் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழே இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, அதனால் எல்லா மெடிக்கலிலும் வைப்பதில்லை. சீட்டைக் காட்டியதும் ஒரு கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஐந்தாவது கடையில்தான் கிடைத்தது. இப்போதெல்லாம் தீர்வதற்குப் பத்து நாள் முன்பே சொல்லிவைத்துவிடுகிறேன்.

மாத்திரை போட்ட நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, வீட்டுப்பாடம் முடித்துவிட்டு, "அம்மா, தலைக்குள்ள சத்தம் கம்மியா இருக்கு" என்றாள். மருந்து அவளை மந்தமாக்கவில்லை. சிரிப்பு, பாட்டு, தம்பியோடு சண்டை எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் பசி போய்விட்டது. மதிய டிபன் பாக்ஸ் தொடாமலே திரும்பி வந்தது. மருந்து கொடுப்பதற்கு முன்பே இரண்டு இட்லியோடு முட்டை, சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கியதும் ஒரு சாப்பாடு, படுக்கும் முன் பால் என்று மாற்றிக்கொண்டோம். எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறார்கள். அதைப் பார்க்காமல் வெறுமனே மருந்து மட்டும் எழுதித் தருகிற இடத்துக்குப் போகாதீர்கள்.

மருந்தா பயிற்சியா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். 1999-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 579 பிள்ளைகளை 14 மாதம் பார்த்தார்கள். கவனக்குறைவையும் துடிப்பையும் குறைப்பதில், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, பயிற்சி மட்டும் கொடுத்ததைவிட முன்னால் நின்றது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு மருந்தின் அளவு குறைவாகவே போதுமானதாக இருந்தது, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கிற உறவு மாதிரியான விஷயங்களில் கூடுதல் பலனும் தெரிந்தது. எங்கள் வீட்டில் நான் பார்த்ததும் இதுதான். மாத்திரையால் அவளுக்கு உட்கார முடிகிறது. ஆனால் அந்த 63 கோடுகளை எந்த மாத்திரையும் குறைத்திருக்காது.

இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. முதல் நாளே டாக்டர், "குடும்பத்துல வேற யாராவது இப்படி இருக்காங்களா?" என்று கேட்டார். ஏ.டி.எச்.டி. பெருமளவு பரம்பரையாக வருவது, இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் 70 முதல் 80 சதவீதம் என்கிறார்கள். என் கணவர் பதில் சொல்லவில்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் லால்குடி பஸ் ஏறினோம், கொள்ளிடம் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "எனக்கும் அதுதான் இருக்கும்போல" என்றார். பாலிடெக்னிக்கில் 9 அரியர், பதினைந்து வருஷத்தில் 6 வேலை, காலாவதியான வண்டி இன்சூரன்ஸ், கட்ட மறந்த கரண்ட் பில், தொலைந்த சாவி. இதையெல்லாம் வைத்து எத்தனை தடவை அவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்லியிருக்கிறேன்.

பெரியவர்களுக்குக் கண்டுபிடிக்கும்போதும் 12 வயதுக்கு முன்பே இருந்ததா என்று பார்க்க வேண்டும், அதனால் அவருடைய அம்மாவிடம் பேச வேண்டும், பழைய பள்ளிச் சான்று ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள் என்றார்கள். அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து அவருடைய ஆறாம் வகுப்பு ராங்க் கார்டை எடுத்தார். அதில் சிவப்பு மையில், 'கெட்டிக்காரன். கவனம் போதாது. பொருட்களைத் தொலைக்கிறான்' என்று எழுதியிருந்தது. அத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மெதுவாகப் படித்துவிட்டு, "எம்புட்டு அடி அடிச்சிருக்கேன் உன்னைய" என்றார். நாற்பத்திரண்டு வயது மகன் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் சின்னவனைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன், அது அவர்கள் இரண்டு பேருக்குமான நேரம்.

அன்றையிலிருந்து பேத்தியை யாராவது "கவனமே இல்ல" என்று சொன்னால் அத்தை சண்டைக்குப் போகிறார்.

என் கணவருக்கு மருந்து இன்னும் தொடங்கவில்லை, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இருப்பதால் அதைச் சரிசெய்துவிட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மாதம் இரண்டு தடவை சிந்தனை, நடத்தை சார்ந்த சிகிச்சைக்குப் போகிறார். சாவிக்கு வாசலிலேயே ஓர் ஆணி, எல்லா வேலையும் ஒரே நோட்டில், தவணையெல்லாம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி. பணம், பில் விஷயங்களை நான் எடுத்துக்கொண்டேன், ஆற்றுக்குக் கூட்டிப்போவது, கதை சொல்வது, பிள்ளைகளின் சைக்கிள் பழுது அவருடையது. அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று என்னைவிட அவருக்குத் தெரிகிறது.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, கற்றல் குறைபாடு அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. அதனால் எல்லாமே ஆசிரியரின் மனசைப் பொறுத்துத்தான். ஒரு வருஷம் ஓர் ஆசிரியை, "இவளுக்கு மட்டும் தனியா பாக்க முடியாது" என்றார். அடுத்த வருஷம் வந்தவர் முதல் பெஞ்சில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்தார், பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து கொடுத்தார், தினமும் டைரியில் மூன்று டிக் போட்டு அனுப்பினார். அவர் அதற்குச் செலவழித்தது தினம் ஒரு நிமிஷம்.

அந்த அம்மாவுக்கு: பணம் இல்லையே என்று நின்றுவிட வேண்டாம். மாவட்டம்தோறும் அரசு ஏற்படுத்தியிருக்கிற குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் 18 வயது வரை பார்ப்பார்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், பெங்களூரில் நிம்ஹான்ஸும். உங்களுக்கே தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். நானே ஒரு ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறேன், எதிர்ப்பக்கம் இருந்தவர் நான் அழுது முடிக்கிற வரை காத்திருந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு குடும்பங்கள் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை, பிள்ளைகள் ஓடும், நாங்கள் டீ குடித்துக்கொண்டு அந்த மாதம் என்ன நடந்தது என்று சொல்லுவோம்.

பாட்டில் இன்னும் தொலையத்தான் செய்கிறது. செவ்வாய்க்கிழமைகூட விட்டுவிட்டு வந்தாள். ஆனால் வாசலிலேயே நின்று, "அம்மா, பி.டி. கிரவுண்டுல வேப்பமரத்துக்கிட்ட வச்சேன், நாளைக்கு எடுத்துட்டு வரேன்" என்றாள். எடுத்துக்கொண்டும் வந்தாள்.

திங்கட்கிழமை பெல் அடித்த பிறகும் நான் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நிற்பேன். உங்களுக்கு வேலைக்கு நேரமாகும் என்று தெரியும், பத்து நிமிஷம் போதும். பையனின் ரிப்போர்ட் கார்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டு வாங்க.